கழிவுப் பெஞ்சில் ஒரு நிச்சயதார்த்தம்

சகாயநாதன் ஆகிய நான், தொழில் சாக்கு வியாபாரம், மன்னார்குடியில் சொந்த வீடு கட்டிக் குடியிருப்பவன், சுயநினைவோடும் யாருடைய வற்புறுத்தலும் இன்றியும் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்: ஒரு வீட்டில் மனிதர்கள் உட்காருவதற்கு ஏதாவது ஒன்று இருக்கத்தான் வேண்டும். இதை நான் மறுக்கவில்லை. எதில் உட்காருவது என்பதில்தான் எனக்கும் உலகத்துக்கும் தகராறு.

நான் வீடு கட்டி முடித்த வருஷம் டெல்டா முழுக்க ஒரு வியாதி பரவிக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் சோபா செட். துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் பையனை அனுப்பிய வீடுகளில் முதலில் தொற்றியது. பிறகு அனுப்பாத வீடுகளுக்கும் வந்தது. கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை யாரும் கழற்றமாட்டார்கள். அழுக்காகிவிடும் என்று வீட்டுக்காரர்கள் அதில் உட்காருவதும் இல்லை. கீழே பாய் விரித்து, சோபாவின் காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கேபிள் டிவி பார்ப்பார்கள். விருந்தாளி மட்டும் மேலே உட்கார வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு விருந்தாளி எழுந்தால் பிளாஸ்டிக்கும் அவரோடு எழுந்து வாசல்வரை வழியனுப்ப வரும்.

நான் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், என் பெண் ஜாஸ்லினுக்கு வரன் வரும்வரை.

மாப்பிள்ளை ஆண்டனிக்குத் துபாயில் ஏ.சி. மெக்கானிக் வேலை. லீவில் வந்திருந்தான். அப்பா கிளமென்ட் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வாய்க்கால் ஓரமாகக் கொஞ்சம் நஞ்சை வைத்துப் பயிர் செய்கிறவர். ஜாஸ்லினும் ஆண்டனியும் வேளாங்கண்ணித் திருவிழாவிலேயே ஒருவரையொருவர் பார்த்து வைத்துக்கொண்டார்கள் என்பது என்னைத் தவிர மன்னார்குடியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று பூசையில் அறிவித்து, தவக்காலம் பிறப்பதற்குள் தாலி கட்டியாக வேண்டும். தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளும், எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. அது முடிவதற்குள் பையன் விமானம் ஏறியிருப்பான், திரும்பி வர இரண்டு வருஷம். இரண்டு வருஷம் கழித்து வரும் துபாய்ப் பையனின் விலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா. நான் வியாபாரி.

தரகர் துரைராசுதான் பேச்சை எடுத்தார். பையனின் அம்மா வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டமாம்.

"அந்தம்மா பொண்ணைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஹாலைப் பார்ப்பாங்க. போன மாசம் ஒரு வீட்டுல பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தாங்கன்னு காபியைக்கூடத் தொடாம எழுந்து வந்துட்டாங்க. உங்க ஹாலு இப்ப இருக்கிற நிலைமைக்கு..." என்று சுற்றிப் பார்த்தார். எங்கள் ஹாலில் அப்போது இருந்தவை ஒரு மின்விசிறி, ஒரு இயேசுவின் திரு இருதயப் படம், இருபது கட்டுச் சாக்கு. துரைராசு உட்கார்ந்திருந்ததும் ஒரு சாக்குக் கட்டின் மேல்தான்.

கடைக்குப் போனேன். ஜெகபர் அலி கடையில் சோபா செட் வரிசையாக யானைக்குட்டிகள் மாதிரி படுத்திருந்தது. அவர் ஒரு விலை சொன்னார். நான் அதில் கால்வாசி சொன்னேன். வியாபாரம் என்றால் அப்படித்தான் ஆரம்பிக்கும். அவர் ஆரம்பிக்கவே மாட்டேன் என்று சுவரைக் காட்டினார். 'பிக்ஸட் ரேட்' என்று அட்டை தொங்கியது. கும்பகோணம் சந்தையில் செருப்பில்லாமல் நின்று தொழில் படித்தவன் நான். எவன் எவனோ என்னை ஏமாற்றி, அந்த ஏமாற்றில் ஆளானவன். பேரம் பேசாத கடைக்குள் நிற்பது எனக்குப் பாட்டில்லாத பூசையில் நிற்பது போல.

"இது சாக்கு இல்லீங்க சகாயம், அள்ளிப்போட்டு விலை பேச" என்றார் ஜெகபர் அலி.

"சரி, இதைக் கிழிச்சு உள்ள பஞ்சு இருக்கா, குப்பை இருக்கான்னு காட்டுங்க பாய். என் சாக்கை நான் உள்பக்கம் திருப்பிக் காட்டித்தான் விக்கிறேன்."

அவர் கிழிக்கவில்லை. நான் வாங்கவில்லை. இருவரும் கௌரவத்தோடு பிரிந்தோம்.

வரும் வழியில்தான் அந்த ஏல அறிவிப்பைப் பார்த்தேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வாய்க்கால் கரை எல்லைத் தனி அலுவலகம் என்று ஒன்று இருந்தது. வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவில் எல்லைக்கல் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதற்காக ஏற்பட்ட அலுவலகம். ஏற்பட்ட நாளிலிருந்து இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அலுவலகத்துக்குப் புதிய இரும்பு மேஜை நாற்காலிகள் ஒதுக்கீடாகிவிட்டதால், பழைய தளவாடங்களை ஒரு குழு வந்து பார்வையிட்டு, 'மனித உபயோகத்துக்கு முற்றிலும் தகுதியற்றவை' என்று சான்றளித்துக் கழிவு செய்துவிட்டது. ஒரு மேஜை, கைவைத்த நாற்காலி ஒன்று, ஏழு பேர் உட்காரும் பெஞ்சு, ஒரு அலமாரி. எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துத் தேக்கு. பெஞ்சுக்கு மட்டும் ஒரு கால் கொஞ்சம் குட்டை. உட்கார்ந்தால் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் அடங்கும்.

ஏலத்துக்கு என்னைத் தவிர விறகுக்கடைக்காரர் ஒருவர்தான் வந்திருந்தார். அவர் விறகு விலை கேட்டார். நான் அதற்கு மேல் கொஞ்சம் கேட்டேன். அவர் தேக்கு சரியாக எரியாது என்று போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து இறக்கியதும் என் மனைவி பாத்திமா மேரி இடுப்பில் கைவைத்து நின்றாள். ஆனால் கோபப்படவில்லை. அவள் எங்கள் பங்குக் கோயிலில் பெண்களுக்காக நடந்த கைவினைப் பயிற்சிக்குப் போய்வந்தவள். தூக்கி எறியும் எந்தப் பொருளையும் தூக்கி எறிய முடியாத வேறொரு பொருளாக மாற்றுவது எப்படி என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதுவரை ஐஸ் குச்சியில் ஒரு மயிலும், உடைந்த வளையலில் ஒரு தொங்கும் விளக்கும், ஹார்லிக்ஸ் பாட்டிலில் கம்பளி நூல் சுற்றி இன்னதென்று யாருக்கும் தெரியாத ஒன்றும் செய்திருந்தாள். இப்போது அவள் கையில் ஒரு முழு அலுவலகம் கிடைத்தது.

என் சாக்குகளை மெரூன் சாயத்தில் முக்கிக் காயப்போட்டாள். அறுவடை முடிந்த சமயம், புது வைக்கோல் தெருவெல்லாம் கிடந்தது. சாக்குக்குள் வைக்கோலும் தேங்காய் நாரும் திணித்து, கோணி ஊசியால் தைத்து, பெஞ்சுக்கு மெத்தையும் முதுகும் வைத்தாள். பழைய கோப்புகளைக் கட்டிய சிவப்பு நாடா அலமாரிக்குள் ஒரு பந்தாகக் கிடந்தது. அதைப் பின்னி ஓரத்தில் குஞ்சலம் விட்டாள். மேஜைக்குத் தன் பழைய கல்யாணப் புடவையில் விரிப்பு. அலமாரியின் கதவைக் கழற்றிவிட்டு மயிலையும் ஹார்லிக்ஸ் பாட்டிலையும் உள்ளே வைத்தாள். ஒரு மெத்தையில் மட்டும் ஏதோ ஒரு அரிசி ஆலையின் முத்திரை சாயத்தையும் மீறித் தலைகீழாகத் தெரிந்தது. அது டிசைன் என்று சொன்னாள். நான் தூரப்போய் நின்று பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சோபா செட்டுத்தான். பிளாஸ்டிக் மட்டும்தான் இல்லை.

அன்று சாயங்காலம் கைவைத்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். நாளை ஞாயிற்றுக்கிழமை, கறியா மீனா என்று பாத்திமா கேட்டாள்.

"பரிசீலிப்போம்" என்றேன்.

என் வாயில் அந்த வார்த்தை அதற்கு முன் வந்ததே இல்லை. எதற்கும் என்னிடம் உடனே ஒரு பதில் உண்டு, பெரும்பாலும் முடியாது என்பது. அவள் இன்னொரு முறை கேட்டாள். ஆகட்டும் பார்க்கலாம் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ரசம்.

இது இப்படி இருக்க, அலுவலகத்தில் ஒரு சிறு சிக்கல். பழையது போனால்தான் புதியது வரும் என்பது விதி. பழையது போய்விட்டது. புதியது, ஒதுக்கீடாகிவிட்டதே தவிர, வரவில்லை. அதிகாரி இராஜாங்கம் நின்றுகொண்டே இருந்தார். பக்கத்து டீக்கடையில் ஸ்டூல் கேட்டுப் பார்த்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து போடும் கையெழுத்து மேலிடத்தில் செல்லுமா என்று சந்தேகம் வந்து, விளக்கம் கேட்டு எழுதிவிட்டுத் திரும்பவும் நின்றார். கடைசியில் அலுவலக உதவியாளர் பஞ்சநதம் என் வாசலுக்கு வந்தார்.

"முதலாளி, சார் ஒரு அரைமணி நேரம் வந்து உங்க ஹால்ல உட்கார்ந்து நாலு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாரு. அந்த மேஜையில போட்டுப் பழகின கை."

இந்த இடத்தில் என் மூளை வேலை செய்தது. ஊரே அந்த அதிகாரியைத் தேடிப் போகிறது. அவர் என்னைத் தேடி வருகிறார். என் குடோன் சுவர் வாய்க்கால் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்று ஒரு புகார் அவரிடம் கிடந்தது. சுவர் நகரவில்லை, வாய்க்கால்தான் நகர்ந்தது என்பது என் கட்சி. ஒரு கப் காபியில் இதை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு அதிகாரியை விலையில்லாமல் வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு, "வரச் சொல்லுங்க" என்றேன்.

மறுநாள் இராஜாங்கம் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் முகத்தில் ஒரு அமைதி வந்தது, நெடுநாள் வெளியூரில் இருந்துவிட்டுச் சொந்தக் கட்டிலில் படுத்தவனுக்கு வருவது மாதிரி. அதற்கு மறுநாள் அவருடைய கோப்புகள் வந்தன. அதற்கு மறுநாள் மனுதாரர்கள் வந்தார்கள்.

யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பெஞ்சைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். மெரூன் மெத்தையும் சிவப்புக் குஞ்சலமும் யாரையும் ஏமாற்றவில்லை. உட்கார்ந்தார்கள், அது ஒரு ஆட்டம் ஆடியது, அதுதான் என்று தெரிந்துகொண்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மஞ்சள் பையை மடியில் வைத்து, குடையைக் கால்களுக்கு நடுவே ஊன்றிக் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

அவர்களில் முதல் ஆளாக வந்தவர் பூவம்மாள். அந்தம்மாவின் வயல் எல்லைக்கல்லைப் பக்கத்து வயல்காரன் ஒரு வரப்பு அகலத்துக்கு உள்ளே நகர்த்திவிட்டான் என்று மனுப் போட்டிருந்தார். அப்போது கன்றுக்குட்டியாக இருந்த மாடு இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டது, எல்லைக்கல் திரும்பவில்லை. சும்மா உட்கார்ந்தால் பூவம்மாளுக்குப் பிடிக்காது. எங்கள் வீட்டு அரிசியை வாங்கிக் கல் பொறுக்கிக்கொண்டே காத்திருப்பார்.

"இந்தக் கல்லாவது என் கையால எடுத்தா வருது" என்பார்.

பாத்திமாவுக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. எனக்கு யாரையும் பிடிக்கவில்லை. என் குடோன் விஷயத்தை நான் எடுத்தபோதெல்லாம், முறைப்படி பெஞ்சில் உட்கார்ந்து வரிசையில் வரும்படி பஞ்சநதம் என்னைக் கேட்டுக்கொண்டார். என் ஹாலில், என் சாக்கில், என் வைக்கோலின் மேல் நான் எட்டாவது ஆள். பெஞ்சில் ஏழு பேருக்குத்தான் இடம். நான் நின்றேன்.

இந்த நிலையில் பெண் பார்க்க வருகிற ஞாயிறு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் கிடையாது என்று நம்பி அந்த நாளைக் கொடுத்திருந்தேன். தணிக்கை வருகிறது, ஆகவே ஞாயிறும் வேலை என்று சனிக்கிழமை அறிவித்தார் இராஜாங்கம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இன்றே என் வீட்டைக் காலி செய்யுங்கள் என்று சத்தம் போட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

"மிஸ்டர் சகாயநாதன், இந்த மேஜை கழிவு செய்யப்பட்டது. கழிவு செய்த மேஜையில அலுவலகம் நடத்த விதியில இடமில்லை. அதனால இங்க அலுவலகம் நடக்கல. நடக்காத அலுவலகத்தை நான் எப்படிங்க காலி பண்றது?"

"அப்ப இவங்கள்லாம் யாரு?"

"உங்க விருந்தாளிங்க. நானும்தான். காபி கொஞ்சம் சக்கரை கம்மியா இருக்கட்டும்."

ஞாயிறு காலை, மாப்பிள்ளை வீட்டாரைத் தெருமுனையிலேயே மறித்து, அந்தோணியார் கோயில் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பொழுதைக் கடத்தலாம் என்று பஸ் நிலையத்தில் போய் நின்றேன். அவர்கள் பஸ்ஸில் வரவில்லை. துபாய்ப் பையன், வாடகைக் கார் வைத்து வேறு வழியாக வந்துவிட்டான். அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. பாத்திமாவும் ஜாஸ்லினும் பூவம்மாளும் சொல்லி, மூன்றும் ஒத்துப்போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கிளமென்ட் தாம்பாளத்தோடு உள்ளே நுழைந்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ, தேங்காய், கற்கண்டு. பின்னால் மனைவி, அவருக்குப் பின்னால் ஆண்டனி. கிளமென்ட் கண்ணில் முதலில் பட்டது பெஞ்சு. அவருடைய நஞ்சைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு எல்லைத் தகராறு உண்டு. ஆறு வருஷமாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர். அன்று மனுதாரர்கள் கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். அவர் கால் தானாக மடங்கியது, பெஞ்சு ஒரு ஆட்டம் ஆடியது, அவ்வளவுதான். தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் அந்தம்மா.

ஆண்டனி குனிந்து, அப்பா இது பொண்ணு வீடு என்று காதில் சொன்னான்.

"தெரியும்டா. சும்மா இரு. எழுந்தா இடம் போயிடும்."

ஜாஸ்லின் பட்டுப்புடவை கட்டிக் காபித் தட்டோடு வந்தாள். கிளமென்ட் அவளை நிமிர்ந்து பார்த்து, "எங்களுக்கு முன்னாடி வந்தவங்களுக்கு முதல்ல குடும்மா" என்றார். வரிசைப்படி கொடுத்துக்கொண்டு வந்ததில் அவர் முறை வருவதற்குள் காபி தீர்ந்துவிட்டது. ஆண்டனிக்கும் கிடைக்கவில்லை. ஜாஸ்லின் அவனைப் பார்த்தாள், அவன் மேலே மின்விசிறியைப் பார்த்தான்.

பையனின் அம்மா மட்டும் ஹாலை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சலத்தைத் தொட்டுப் பார்த்தார். தலைகீழ் முத்திரையைத் தடவினார். சோபா வைத்திருக்கும் வீடுகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஒரு வீட்டு சோபாவில் இடம் கிடைக்க ஊரே வரிசையில் நிற்பதை அன்றுதான் பார்க்கிறார். அதோடு, மேஜைக்குப் பின்னால் அரசாங்க அதிகாரி ஒருவர் சட்டைப்பையில் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். பெண் வீட்டார் சபைக்கு எவ்வளவு பெரிய மனிதரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பஞ்சநதம் "அடுத்தது யாரு" என்றார். கிளமென்ட் எழுந்து போய்த் தாம்பாளத்தை இரு கையாலும் நீட்டினார். எங்கள் பக்கத்தில் முறை என்னவென்றால், சபையில் மூத்தவர் யாரோ அவர் தட்டை வாங்க வேண்டும். வாங்கிய கையே பதில் தட்டைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் சம்மதம். அதிகாரி மூத்தவர், ஆகவே அவரிடம் கொடுப்பது முறை. அந்தச் சாக்கில் ஆறு வருஷத்து மனுவும் கொஞ்சம் நகரலாம் என்று கிளமென்ட் நினைத்திருந்தால் அதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். அந்த அதிகாரியைப் பார்த்து அப்படி நினைக்காத ஒருவனை நான் கண்டதில்லை, என்னையும் சேர்த்து.

இராஜாங்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வெச்சுட்டுப் போங்க."

வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கும்பிட்டுவிட்டு, காரில் ஏறி, ஊருக்கே போய்விட்டார்கள். நான் பஸ் நிலையத்திலிருந்து திரும்பி வந்தபோது இராஜாங்கம் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே துரைராசு வந்து, பையனின் அம்மாவுக்கு ஹால் மிகவும் பிடித்துவிட்டது, பெண்ணும் பரவாயில்லை, பதில் தட்டு வந்துவிட்டால் அடுத்த ஞாயிறே ஓலை வாசித்துவிடலாம், பதில் தட்டை அந்த அதிகாரி கையால்தான் வாங்குவோம் என்கிறார்கள் என்றார். அந்த ஒரு ஞாயிறு தவறினால் தவக்காலத்துக்கு முன் மூன்று ஓலைக்கு இடமில்லை என்று ஜாஸ்லின் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். வீட்டில் காலண்டரைப் பார்த்து வைத்திருந்தது அவள் ஒருத்திதான்.

திங்கட்கிழமை இராஜாங்கத்திடம் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து, வரிசையில் வந்துதான் போனேன்.

தாம்பாளம் வரவுத் தபால் பதிவேட்டில் ஏறிவிட்டதாகச் சொன்னார். பழங்கள் அழியும் பொருள் என்பதால் கழிவு செய்யப்பட்டுவிட்டன. தேங்காய் பாதுகாப்பில் இருக்கிறது. பதில் தட்டுக்கு ஒரு தடை இருக்கிறது.

"தட்டு கொடுத்த கிளமென்ட்டோட எல்லை மனு இங்க நிலுவையில இருக்கு. நிலுவையில இருக்கிற ஒரு ஆளுக்கு நான் தட்டு கொடுத்தா, சலுகை காட்டினதா ஆயிடும்."

"அவர்கிட்டேருந்து வாங்கினீங்களே சார்?"

"வாங்குறது வழக்கம். திருப்பிக் கொடுக்கிறதுதான் முறைகேடு."

"சரி, அப்ப அந்த மனுவை முடிச்சு விட்டுடுங்க."

"முடிக்கலாம். ஆனா அதுக்கு அலுவலகம் நடக்கணும். மேஜை வரட்டும்."

இதற்கு முன் யாரும் என்னை இவ்வளவு நியாயமாக ஏமாற்றியதில்லை. ஏமாற்றுகிறவனின் சட்டையைப் பிடிக்கலாம். இந்த மனிதரிடம் பிடிக்க ஒரு இடமும் இல்லை. ஜாஸ்லின் அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. பாத்திமா புதிதாக ஒன்றும் செய்யாமல் கோணி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. நாற்காலி யாருடையது? ஏலத்தில் எடுத்தவன் நான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான் பெரிய மனிதன் என்றால், நானே உட்கார்ந்து கொடுத்துவிட்டுப் போகிறேன். சனிக்கிழமை இராஜாங்கம் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லி எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டேன். வந்தார்கள். நான் சலவை வேட்டி கட்டி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். மேஜையில் பதில் தட்டு தயார். பாத்திமா ஒரு தட்டைச் சுற்றிக் கம்பளி நூலும் பாசியும் வைத்து ஜோடித்திருந்தாள். கிளமென்ட் எதிரே வந்து நின்று, நல்ல பதில் சொல்லுங்க ஐயா என்றார்.

சம்மதம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அடுத்த வாரம் வாங்க" என்றேன்.

யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. இன்னொரு முறை முயன்றேன். "மேலிடத்துக்கு எழுதியிருக்கு" என்று வந்தது. கிளமென்ட் கும்பிட்டார். ஆறு வருஷப் பழக்கம். திரும்பி நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர் சண்டை போட்டிருப்பார். அந்த நாற்காலியிலிருந்து அந்த வார்த்தை வந்தால் அவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத்தான் தோன்றும்.

ஜாஸ்லின் அடுக்களையிலிருந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மேஜையிலிருந்த தட்டை எடுத்தாள், நேராக வாசலைக் கடந்து தெருவில் இறங்கினாள். கிளமென்ட்டின் மனைவி கார் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"அத்தை" என்று கூப்பிட்டாள்.

அந்தம்மா திரும்பி, ரோட்டிலயா, எங்கயாவது உட்கார்ந்து வாங்கிக்கிறதுதானே முறை என்று தயங்கினார்.

"நின்னுக்கிட்டே வாங்கிக்குங்க அத்தை. எங்க வீட்டுல உட்கார்ந்தா காரியம் கெட்டுடும்."

அந்தம்மா கை நீட்டுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் ஆண்டனி வந்து வாங்கிக்கொண்டான். மாப்பிள்ளையே தட்டு வாங்குவது எந்த ஊரிலும் முறை கிடையாது. துரைராசு கண்ணை மூடிக்கொண்டார். பெஞ்சிலிருந்த பூவம்மாள்தான் அரிசி முறத்தோடு எழுந்து வந்து குலவை போட்டார். மற்ற ஆறு பேரும் அவரவர் இடத்தை விடாமல் உட்கார்ந்தபடியே கை தட்டினார்கள்.

மறுநாள் முதல் ஓலை வாசித்தார்கள். தவக்காலம் பிறப்பதற்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. இராஜாங்கத்துக்குப் பத்திரிகை கொடுத்தேன். மனு நிலுவையில் இருப்பதால் வர இயலவில்லை என்று பதில் அனுப்பினார். தேங்காயும் இன்றுவரை வரவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தியம்மா ஊரெல்லாம் எங்கள் ஹாலைப் பற்றிப் பேசியதில் ஒரு விளைவு ஏற்பட்டது. ஜெகபர் அலி ஒருநாள் அளவு நாடாவோடு என் வீட்டுக்கு வந்தார். இப்போது யாரும் சோபா கேட்பதில்லையாம், 'ஆபீஸ் மாடல்' கேட்கிறார்களாம். பெஞ்சை நீள அகலம் எடுத்தார். குட்டைக் காலை மட்டும் மூன்று முறை அளந்தார். இப்போது அவர் கடையில் புத்தம் புதுத் தேக்கில், ஒரு காலை அறுத்துக் குட்டையாக்கி, சாக்கு மெத்தையும் சிவப்பு நாடாக் குஞ்சலமும் வைத்த பெஞ்சு கிடைக்கிறது. சோபா செட்டைவிட விலை கூடுதல். காரணம் கேட்டால், ஆட்டத்துக்குத் தனிக் கூலி என்கிறார். சாக்கு என் கடையில்தான் எடுக்கிறார். நானும் ஒரு அட்டை எழுதி மாட்டிவிட்டேன்: பிக்ஸட் ரேட்.

அலுவலகத்துக்கும் கடைசியில் இரும்பு மேஜை நாற்காலி வந்து சேர்ந்தது. இராஜாங்கம் கோப்புகளை எடுத்துக்கொண்டு, காபிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். என் வீடு எனக்குத் திரும்பக் கிடைத்தது என்று அன்று மாலை கைவைத்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் பெஞ்சு ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். அலுவலகம் பழைய இடத்துக்கே போய்விட்டது, அங்கே போங்கள் என்று சொன்னேன். தெரியும் என்றார்கள். அங்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்களாம். இரும்பு நாற்காலி சில்லென்று இருக்கிறது, ஆடமாட்டேன் என்கிறது, நம்பிக்கை வரவில்லை என்றார்கள். வரிசையாக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பூவம்மாள் அடுக்களைக்குப் போய் முறத்தை எடுத்து வந்தார்.

"ஏம்மா, உட்கார்ந்தா ஒண்ணும் நடக்காதுன்னு என் பொண்ணு காட்டினதைக் கண்ணால பார்த்தீங்களே. குலவை வேற போட்டீங்க" என்றேன்.

"அது கல்யாணங்க ஐயா, நின்னுக்கிட்டே முடியும். இது எல்லைக்கல்லு. உட்கார்ந்தாத்தானே ஆபீசு மாதிரி இருக்கு." ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார். "என் மனு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

நான் நாற்காலியில் இருந்தேன். வாய் தானாகத் திறந்தது.

"நாளைக்கு வாங்க" என்றேன்.

பூவம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "பார்த்தீங்களா. அவரு அடுத்த வாரம்னு சொல்வாரு. இவரு நாளைக்குங்கிறாரு. இவருதான் நல்ல ஆபீசரு" என்றார். பெஞ்சு முழுவதும் தலையாட்டியது. மறுநாள் எல்லோரும் வந்தார்கள். அதற்கு மறுநாள் இன்னும் சிலர் கூட வந்தார்கள். பூவம்மாள் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். நிமிர்ந்து பார்க்க நேரமில்லை, வெச்சுட்டுப் போங்க என்றேன்.

உங்களுக்கும் ஏதாவது வாய்க்கால், வரப்பு, எல்லைத் தகராறு இருந்தால் நேரில் வரலாம். ஞாயிறும் உண்டு. பெஞ்சில் கொஞ்சம் நெருக்கி உட்கார வேண்டியிருக்கும், காபி வரிசைப்படிதான் வரும். வெறுங்கையோடு வர வேண்டாம்.